உடும்புப்பிடி

புகார்ச் சீட்டில் ஒரே வரி:
மூன்றாம் அறையிலிருந்து நான்காம் அறைக்குப் போனால்
கருவி செத்துவிடுகிறது.
கீழே கையெழுத்து, எலியானா வென்சுமான், இரவு முறை.

புவெர்த்தோ மோன்ட்டில் அன்றும் மழை.
அங்கே மழையை யாரும் பேச்சில் சேர்ப்பதில்லை.
சால்மன் மீன் உறையும் கிடங்குக்குள்
சுழியத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
எனக்குக் கொடுத்த இரவல் மேலங்கியின் பையில்
யாரோ விட்டுப்போன மிட்டாய்த் தாள்.

எனக்கு முன்பே மூன்று பேர் வந்துபோயிருந்தார்கள்.
ஒருவர் பேட்டரியை மாற்றினார்.
ஒருவர் கருவியையே மாற்றினார்.
மூன்றாமவர் எலியானாவின் கையுறையைக் குறை சொன்னார்.

நான் நடந்தேன்.
இந்தக் கோளாறுக்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்:
கருவியைக் கையில் பிடித்து,
அவள் வண்டி போகும் தடத்தில் போய்,
அவள் திரும்பும் இடத்தில் திரும்பி,
திரையின் மூலையில் ஓர் எண்ணைப் பார்த்தபடி.
குறை எண். ஏற ஏற பலம் இறங்கும்.
அறுபத்தொன்று. அறுபத்தெட்டு.
எஃகுக் கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது.
எழுபத்தொன்பது.
என் தலைக்கு நேர் மேலே
நான்காம் அறையின் ஆன்டெனா பச்சை விளக்கோடு
வா வா என்கிறது.
இதுவோ
கதவுக்கு அப்பால் கேட்கும் பழைய குரலின்
கடைசி முணுமுணுப்பைப் பற்றித் தொங்குகிறது.
எண்பத்தாறு.
உடும்பு.
தொண்ணூறில்தான் பிடி நழுவியது.
அப்புறம் புது வாசலில்
பேர் என்ன, எங்கிருந்து வருகிறாய், சாவி எங்கே என்று
முதலிலிருந்து விசாரணை.
பதினொரு நொடி.

கருவியைத் திட்டிப் பயனில்லை.
எப்போது விடுவது என்பது அதன் முடிவு,
அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள்.
மூன்றாம் அறையின் ஆன்டெனாவை
யாரோ நல்லெண்ணத்தில்
முழுத் தொண்டையில் கத்தவிட்டிருந்தார்கள்.
அதன் குரலைப் பாதிக்கும் கீழே இறக்கினேன்.
நொண்டி நொண்டிப் பேசும் பழைய வேகங்களை அணைத்தேன்.
வருகிறவர் யாரென்று அடுத்த வாசலுக்கு
முன்கூட்டியே சொல்லிவைக்கும் கட்டம் ஒன்று
மூன்று வருடமாய்க் காலியாகக் கிடந்தது,
அதில் டிக் போட்டேன்.
மறுபடி நடை. இருபது தடவை.
இமையில் பனி கட்டியது.
எழுபத்திரண்டில் விட்டது,
விட்டதே தெரியாமல் அடுத்ததைப் பிடித்தது.

நள்ளிரவில் எலியானா வந்தாள்.
வண்டியோடு கதவைத் தாண்டினாள். பெட்டியைச் சுட்டாள். பீப்.
திரும்பினாள். தாண்டினாள். பீப்.
"சரியாயிற்றா?" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.
"ஆயிற்று."
இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.
"சீட்டை எழுதியது நானல்ல. சல்திவியா எழுதி
என்னிடம் கையெழுத்து வாங்கினார்.
ஓர் இரவில் நூற்றைம்பது தடவை இந்தக் கதவு.
ஒவ்வொரு தடவையும் பதினொரு நொடி.
நீங்கள் கணக்கில் கெட்டி இல்லையா?"

போட்டுப் பார்த்தேன்.
இருபத்தேழரை நிமிடம்.
கையுறையைக் கழற்றி விரல்களில் ஊதிக்கொள்ள,
கழுத்தைச் சொடுக்கெடுக்க,
சும்மா கதவைப் பார்த்துக்கொண்டிருக்க.
மாடியில் சல்திவியாவின் திரையில்
அப்போது அவள் ஒரு சாம்பல் புள்ளி.
இனி எப்போதும் பச்சை.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.
என்னவென்று கேட்பது?

ஐஸ் இயந்திரத்துக்குப் பின்னால் இன்னோர் இடம்,
இரண்டு ஆன்டெனாக்கள் ஒரே சேனலில் மோதிக்கொள்ளும் மூலை.
என் வரைபடத்தில் சிவப்பாய் இருந்தது.
அரை மணி வேலை.
"அங்கே பிடிக்காது" என்றேன்.
அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.
அறிக்கையில் எழுதினேன்:
எஃகு, பனி, கட்டடத்தின் இயல்பு.

மேலங்கியைத் திருப்பிக் கொடுத்தேன், மிட்டாய்த் தாளோடு.
காருக்குள் ஏறி
"கிளம்பிவிட்டேன்" என்று வீட்டுக்கு அனுப்பினேன்.
போகவில்லை.
வாசற்கேட் தாண்டியும்
ஒற்றைக் கோட்டில் கிடங்கின் வைஃபையைப் பிடித்தபடி
என் போன்
அந்த ஒரு சொல்லைச் சுற்றிக்கொண்டே இருந்தது.